இன்று மணி தாமதமாக அடித்ததாம்

இன்று மாலை மீன் வாங்க வைத்திக்குப்பம் கரைக்குப் போனேன். கூடைக்குப் பின்னால் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் வரை என் வகுப்பில் படித்தவள்.

என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே இதுதான். "என்னா மதாம், இன்னிக்கு பள்ளிக்கூடத்து மணி இவ்ளோ நேரங்கழிச்சு அடிச்சுது?"

வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள். அடக்கச் சொல்லி எங்கள் பிரெஞ்சுக்காரத் தலைமையாசிரியை என்னிடம் ஒரு பிரம்பைக் கொடுத்தார். எனக்கு மனம் வரவில்லை. மணி அடிக்கும் சுத்தியலை அவளிடம் கொடுத்து, "இனிமே இது உன் பொறுப்பு" என்றேன்.

அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருப்பாள். பக்கத்தில் பேசுகிற பிள்ளைகளையும் அதட்டி உட்கார வைப்பாள். பிரம்பு அலமாரி மேலேயே கிடந்தது.

தம்பி பிறந்ததும் அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

"இங்க வரைக்கும் கேக்குதாடி?" என்றேன்.

"காத்து இப்படி அடிச்சா கேக்கும். இப்ப அடிக்கிற புள்ளைக்குக் கை நடுங்குது மதாம்."

"நீ வந்து சொல்லிக் குடேன்."

பின்னால் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீனை ஓலையில் சுற்றி நீட்டினாள். "நாளைக்காச்சும் நேரத்துக்கு அடிக்கச் சொல்லுங்க."

நாளையும் தாமதமாகவே அடிக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சண்டை போடவாவது பள்ளிக்கூட வாசல் வரை வருவாள்.

தலைமையாசிரியையிடம் என்ன காரணம் சொல்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.