வெள்ளிக்கிழமை முகம்

எதிரில் யாராவது பேச ஆரம்பித்தால் ராஜலக்ஷ்மியின் இடது கை தானாக எழுந்து கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கை தாடையைத் தாங்கும். நான்கு விரல்களும் கண்ணுக்குக் கீழே வரை விரிந்து கிடக்கும். முகத்தைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பி, வலது கன்னத்தைச் சுவருக்கோ ஜன்னலுக்கோ ஒப்படைத்துவிடுவாள். ஜெயநகரில் ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் அவளுக்கு வேலை. "இந்த மேடம் ஒருத்தர்தான் நாம சொல்றத முழுசா காது குடுத்துக் கேக்கறாங்க" என்று பெற்றோர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போவார்கள். அவள் முழுசாகக் கேட்பதும் உண்மைதான். கை மட்டும் மங்குக்காக அங்கே போனது.

மங்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாற்பத்தொரு வயதில், காப்பி டம்ளரை வைத்து எடுத்த ஈரத் தடம் காய்ந்தது போல இரண்டு கன்ன எலும்பிலும் பழுப்புத் திட்டாக வந்து படிந்தது, பிறகு நகரவே இல்லை. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஆபத்தில்லை, வெயிலில் போகாதீர்கள் என்றார்கள். ராஜலக்ஷ்மிக்கு மங்கோடு பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையெல்லாம் விசாரிப்பவர்களோடுதான். சீமந்தமோ பூணூலோ, போன இடத்தில் எல்லாம் அட்சதை போட்டுத் திரும்புவதற்குள் ஒருத்தி பிடித்துக்கொள்வாள். "என்னடி ராஜி, மூஞ்சி இப்படிக் கறுத்துப் போயிடுத்து? தைராய்டு பாத்தியோ?"

மூத்தவள் அனன்யாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை. அனன்யா ஆபீஸ் போய்விட்டாள். ஸ்ரீகண்டன் கன்னடப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். சர்வே டிபார்ட்மெண்டில் முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்துவிட்டு ரிடையர் ஆன மனிதர், வீட்டில் நடப்பவற்றில் அதிகம் தலையிட மாட்டார். ராஜலக்ஷ்மி மிச்சமான தேங்காய்களை எண்ணிக் கூடையில் போட்டுக்கொண்டே மகனிடம் சொன்னாள்.

"ஒன்பது பேருடா ரகு."

"என்னம்மா ஒன்பது?"

"நேத்திக்கு மூஞ்சிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவா. உங்க மைசூர் அத்தை ரெண்டு தடவை கேட்டா. அவளை ஒண்ணாத்தான் சேத்திருக்கேன்."

"கேட்டா கேட்டுட்டுப் போறாம்மா."

"உனக்கென்ன. நான் பொண்ணோட அம்மாவா ரிசப்ஷன்ல வாசல்ல நிக்கணும். முந்நூறு பேர் வருவா. ரெண்டு கையையும் கூப்பிண்டு நிக்கணும்டா. கையைக் கன்னத்துல வெச்சுக்க முடியுமா?"

ரகுராமுக்குச் சுருக்கென்றது. அந்தக் கை எதற்காக எழுகிறது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"ஒரே ஒரு ஃபங்ஷன்" என்றாள் ராஜலக்ஷ்மி. "என் பொண்ணு கல்யாணம் ஒண்ணுல, மூஞ்சிக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கப்படாது. அதுக்காகக் கன்னாபின்னான்னு பூசிண்டு நின்னா, 'இந்த வயசுல மேக்கப் கேக்கறதா ராஜி'ம்பா. அந்தக் கேள்வியும் வரப்படாது. ரெண்டும் வரப்படாது."

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. தேங்காய் பதினேழு இருந்தது.

அனன்யாவிடம் சொன்னால் பார்லருக்கு இழுத்துக்கொண்டு போய் இமையில் ஜிகினா ஒட்டிவிடுவாள் என்று பயம். அதனால் கூட்டாளி ரகுராம்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் அவனுக்கு டெஸ்டிங் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே. இருபத்தாறு வயதில் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. ஆனால் யாருடைய கண் யார் மேல் எத்தனை நேரம் நின்றது என்று கேட்டால் சொல்லிவிடுவான். ராஜலக்ஷ்மிக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முதலில் அனன்யாவின் மேஜையிலிருந்து ஒரு கிரீமைத் திருடிப் பூசிப் பார்த்தார்கள். அது அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பு. சூடு ஏறாத தோசைக்கல்லில் மாவை ஊற்றிய மாதிரி அப்படியே நின்றது. "பரவாயில்ல, போய்த்தான் பாப்போமே" என்று அபார்ட்மெண்ட் வாசலில் இஸ்திரி வண்டிவரை போனாள். ரகுராம் துணிப்பையோடு பின்னால் போனான். இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "வீட்டுல ஹோமமாம்மா? விபூதி முகமெல்லாம் இருக்கு" என்றார். அடுத்து ஆன்லைனில் வரவழைத்த ஒரு குச்சி. மங்கை மறைக்க அடியில் ஆரஞ்சு நிறம் தீட்ட வேண்டும் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். தீட்டினாள். மேலே என்ன பூசியும் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. லிஃப்டில் மூன்றாம் மாடிக் குழந்தை அவளைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

"கடைக்கே போயிடலாம்மா" என்றான் ரகுராம்.

"ஜெயநகர்ல வேண்டாம். இங்க வாங்கினா சாயங்காலத்துக்குள்ள மல்லேஸ்வரம் வரைக்கும் தெரிஞ்சுடும்."

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மெட்ரோவும் ஆட்டோவுமாகக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனார்கள். கடைக்குள் ஐந்தாறு கவுண்டர். ஓரத்துக் கவுண்டரில் நின்றவள் பெயர் கேரல். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, நாற்பது வயதிருக்கும், கறுப்புச் சட்டை, இடுப்புப் பையில் வரிசையாகப் பிரஷ்கள். ராஜலக்ஷ்மியின் கை வழக்கம்போலக் கன்னத்தில் இருந்தது.

"கையை எடுங்க ஆன்ட்டி."

"இல்ல, அது ஒரு பழக்கம்…"

"தெரியுது. பத்து நிமிஷம் கன்னத்த எங்கிட்ட குடுங்க. அப்புறம் உங்க கையை அங்கயே திருப்பி வெச்சுக்கோங்க, நான் கேக்கவே மாட்டேன்."

ராஜலக்ஷ்மி சிரித்துவிட்டாள். தாடையில் மூன்று ஷேடில் மூன்று கோடுகள் இழுத்த கேரல், "உள்ள இருக்கற லைட்டுல எல்லாரும் அழகுதான். வெளிய வாங்க" என்று அவளை நடைபாதைக்கே கூட்டிக்கொண்டு போனாள். செருப்பு வண்டிக்கும் கரும்பு ஜூஸ் வண்டிக்கும் நடுவே, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள் ராஜலக்ஷ்மி. இரண்டு கோடுகள் தெரிந்தன. நடுக்கோட்டைக் காணோம்.

"அதுதான் உங்க கலர்" என்றாள் கேரல். "முகம் பூரா பூசாதீங்க. மங்கு மேல மட்டும், விரலால தட்டித் தட்டி. மூக்கு, நெத்தி எல்லாம் சும்மா விடுங்க. மங்கும் கொஞ்சம் தெரியட்டும். ரொம்ப சுத்தமா இருந்தாத்தான் ஜனங்களுக்கு டவுட் வரும்."

பாட்டிலைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது மெட்ரோ கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்ததை ரகுராம் பார்த்தான். பார்க்காதது மாதிரி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஒத்திகை. சொன்னபடியே தட்டித் தட்டிப் பூசிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். வாசலில் பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டு, "ஏனம்மா, காமாலே ஆகிதெயா?" என்று கவலையோடு கேட்டாள். மஞ்சள் காமாலையா என்கிறாள். வீட்டுக்கு வந்து பால்கனி வெளிச்சத்தில் பார்த்தால் உண்மைதான். இரண்டு கன்னத்திலும் இரண்டு மஞ்சள் திட்டு.

"மூணாவதா ஒரு கேள்வி இருக்குன்னு நான் நினைக்கவே இல்லடா" என்றாள் ராஜலக்ஷ்மி.

பாட்டில் மாறிப்போயிருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அரைநாள் லீவு. கேரல் பாட்டிலைப் பார்த்தாள், அதன் மேலிருந்த நம்பரைப் பார்த்தாள், கன்னத்தில் தட்டி நடைபாதைக்கு அழைத்துப் போனாள். பூசியதே தெரியவில்லை.

"இதுல என்ன ஆன்ட்டி தப்பு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை இருந்துது."

"முகம் என்ன, வாரத்துக்கு ரெண்டு வெச்சிருக்கீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் காமாலை. ரிசப்ஷனுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. ராஜலக்ஷ்மிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு விதிச்சது அவ்வளவுதான். கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், ஒன்பது போய் தொண்ணூறு பேர் கேக்கட்டும்" என்று பாட்டிலைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ரகுராம்தான் புதன்கிழமை கல்லூரி வாசலில் போய் நின்று, அவளைக் கட்டாயப்படுத்தி ஆட்டோவில் ஏற்றினான். பாட்டில் அவன் பையில் இருந்தது.

அன்று கேரல் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்ததுமே கையை நிறுத்திவிட்டாள். கழுத்தைப் பார்த்தாள். ரவிக்கை ஓரத்தில் வெளிறிய மஞ்சள் கறை ஒன்று இருந்தது, அதைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க முகத்துக்கு மஞ்சள் பூசுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேச்சுண்டு, மஞ்சளை உரைச்சுப் பூசிண்டு…" ராஜலக்ஷ்மி பாதியில் நிறுத்தினாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேரல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கவுண்டர் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க ஷேட் கார்டுல வெள்ளிக்கிழமைன்னு ஒரு ஷேட் போடலயே ஆன்ட்டி! ரெண்டு தடவையும் கரெக்டா மஞ்சள் குளிச்சுட்டு வந்து நின்னிருக்கீங்க!" ராஜலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்து வளர்ந்தவன் ரகுராம். தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வேறு பாட்டில் எடுக்கப் போன கேரல் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "கல்யாணத்துக்கு மஞ்சள் பூசுவீங்கதானே?"

"பூசாம? ஆனா ரிசப்ஷன் முதல் நாள், சனிக்கிழமை."

"சனிக்கிழமை பூசினா சாமி கோச்சுக்குமா?"

ராஜலக்ஷ்மி சாமியின் சார்பில் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கோச்சுக்காது."

"அப்ப இந்த பாட்டிலே போதும்."

அந்தச் சனிக்கிழமை காலை குளியலறையிலிருந்து மஞ்சள் முகத்தோடு வந்தவளைப் பார்த்து அனன்யா, "இன்னிக்கு எதுக்கும்மா மஞ்சள்?" என்றாள். "பொண்ணு கல்யாணத்துக்குக் கிழமை என்னடி கிழமை" என்று சொல்லிவிட்டு ராஜலக்ஷ்மி போய்விட்டாள். மாலை மண்டபத்து அறையில் ஜன்னலோரமாக நின்று, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிப் பூசினாள். ரகுராம் கதவுக்கு வெளியே காவல் நின்றான்.

முந்நூறு பேருக்கு மேலேயே வந்தார்கள். மண்டப வாசலில், ஸ்ரீகண்டனுக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டுப் புடவையில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள் ராஜலக்ஷ்மி. பன்னீர்ச் செம்புப் பக்கம் நின்று ரகுராம் வந்தவர்களின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் முகத்தில் நின்றன, நகர்ந்தன. மைசூர் அத்தை வந்தாள். ராஜலக்ஷ்மியின் தோளைப் பிடித்து, கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்தாள். ரகுராம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"புடவை எங்கடி எடுத்தே?" என்றாள் அத்தை.

பந்தியில் கூட்டம் குறைந்ததும் ராஜலக்ஷ்மி அவன் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனைடா?"

"சைபர்."

"இந்த வயசுல மேக்கப்பான்னு?"

"அதுவும் சைபர்ம்மா."

அவள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். ஒப்பட்டுப் போளி இன்னொன்று கேட்டு வாங்கினாள். நெய்யும் கேட்டாள்.

மறு வாரம் லட்டும் முறுக்கும் அடைத்த டப்பாவைக் கேரலிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி மகனை அனுப்பினாள். கேரல் நின்றபடியே ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "எத்தனை பேர் கேட்டாங்க தம்பி?"

"ஒருத்தரும் கேக்கல."

"ஒருத்தர்கூடவா?" அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "மங்கு கொஞ்சம் தெரியத்தானே செய்யும். முந்நூறு பேர்ல நாலு பேராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். அவ்வளவு பெரிய வேலையா நான் செஞ்சுட்டேன்?"

ராஜலக்ஷ்மி இப்போதும் வெள்ளிக்கிழமை விசேஷங்களுக்கு அந்தப் பாட்டிலைத் தொடுகிறாள். மற்ற நாளில் விசேஷம் வந்தால் மங்கோடுதான் போகிறாள். "ஒரு ஃபங்ஷன்தானே கேட்டேன், கிடைச்சுடுத்து" என்கிறாள்.

நவராத்திரி சமயத்தில் ஒருநாள் மாப்பிள்ளை ஸ்ரீஹர்ஷாவும் ரகுராமும் பசவனகுடியில் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். அத்திம்பேர் என்று கூப்பிட வேண்டாம், வயசான மாதிரி இருக்கிறது என்பது ஸ்ரீஹர்ஷாவின் கட்சி. ஆனாலும் ரகுராம் அப்படித்தான் கூப்பிடுவான். பேச்சு மைசூர் அத்தையின் பக்கம் போயிற்று. அன்று அவள் வாயைத் திறந்த விதத்தை ரகுராம் சொல்லிச் சிரித்தான். ஸ்ரீஹர்ஷா சிரிக்கவில்லை.

"அவாளுக்கும் மாமா போன் பண்ணியிருப்பாரே."

"எந்த மாமா?"

"உங்கப்பாதான். உனக்குத் தெரியாதா? நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் சாயங்காலம் எங்கப்பாவுக்குப் பண்ணினார். அன்னிக்கு அவர் அஞ்சு நிமிஷம் பேசினதுதான் நாங்க கேட்டதுலேயே பெரிய பேச்சு. 'ராஜி மூஞ்சில இருக்கறது வெறும் மங்கு, வியாதி இல்ல. உங்க மனுஷா யாரும் கல்யாணத்துல அவகிட்ட அதை விசாரிக்க வேண்டாம், அவளுக்கு மனசு கஷ்டப்படறது'ன்னார். நாங்க எங்க சைடு பூரா சொல்லிட்டோம். உங்க பக்கத்து அறுபத்திரண்டு வீட்டுக்கும் தானே ஒவ்வொருத்தரா புதன்கிழமைக்குள்ள பேசி முடிச்சுடறதா சொன்னாராம் உங்கப்பா."

ரகுராம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தான். அம்மாவும் அவனும் அனன்யாவின் கிரீமைத் திருடியது அந்த வாரம் வியாழக்கிழமை.