கண்ணாடியில் தெரிந்த வலம்புரி

எங்கள் மந்தைவெளி வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சங்கு இருக்கிறது. எங்கும் கிடைக்கிற சாதாரண இடம்புரிதான். வலம்புரி வாங்கி வைக்க ஆசை உண்டு, வசதி வந்ததில்லை. அந்தச் சங்கைத் துடைக்கும்போதெல்லாம் அக்காவின் கணவர், அத்திம்பேர், நினைவுக்கு வருவார். மரியாதையோடு நினைக்கிறேன் என்று சொன்னால் பெருமாளே சிரிப்பார்.

அத்திம்பேர் அடையாறில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். அவர் வீட்டில் பேருக்கு ஒரு சாமி படம்கூடக் கிடையாது. அதனால் அக்கா பிடிவாதம் பிடித்து, ஐந்து வயது மகளுக்கு விஜயதசமியன்று அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்கும் அக்ஷராப்யாசத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாள். தொண்ணூறுகளின் நடுவில் அது. முந்தின நாள் சாயங்காலமே வந்தவர், சுண்டல் தின்ற கையோடு சங்கை எடுத்து பீரோக் கண்ணாடி முன் நீட்டினார்.

"பாருடா, வலம்புரி! ஓசியில. இதுக்குப் போய் ஆயிரமாயிரமாக் கொட்டிண்டு அலையறேளே!"

பிறகு பிரசங்கம். உயிருக்குள் இருக்கும் பொருள்களும் சங்கு மாதிரிதானாம், இடக்கை என்றும் வலக்கை என்றும் இரண்டு வகை உண்டாம். ஆனால் உயிர் ஒரு வகையைத்தான் எடுத்துக்கொண்டதாம். ஆதியில் ஆர்.என்.ஏ. என்று ஒன்று வந்தது. அதில் இருந்த சர்க்கரை வலக்கைச் சர்க்கரை. அந்த அச்சுக்கு இடக்கை அமினோ அமிலங்களே பொருந்தின, அதனால் புரதமெல்லாம் இடக்கையாகிவிட்டது.

"முதல்ல வந்தது தற்செயல்டா. மாத்தி வந்திருந்தாலும் உலகம் இப்படியேதான் ஓடிண்டிருக்கும். இதுல உன் பெருமாளுக்கு என்ன வேலை?"

பாதிதான் புரிந்தது. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. எந்தக் கையானாலும் உயிர் உயிர்தான் என்று பெருமாள் வேறு எப்படிச் சொல்லுவார்?

மறுநாள் காலை தாம்பாளத்தில் அரிசி பரப்பினோம். பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்த குழந்தை, யாரும் விரலைப் பிடிப்பதற்கு முன்பே, தானாக ஒரு 'அ' எழுதிவிட்டாள். இடது கையால். எழுத்தும் திரும்பி நின்றது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. நேற்று அவர் காட்டிய சங்குதான் அரிசியில் வந்து உட்கார்ந்ததோ என்று நினைத்தேன். அத்திம்பேர் பூரித்துப்போவார் என்றும் நினைத்தேன், அசடு நான்.

பளீரென்று அந்தக் கையில் ஓர் அடி. "சனியனே, நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயா எழுதறே?" அத்திம்பேர் கைக்குட்டையை எடுத்து, இடது மணிக்கட்டைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டினார். விரலில் ஒட்டிய அரிசி அப்படியே இருந்தது.

"அத்திம்பேர், எந்தக் கைன்னாலும் ஒண்ணுதான்னு நேத்து நீங்கதானே சொன்னேள்?" என்றேன்.

"அது மாலிக்யூல்டா. இது பொண்ணு. நாளைக்குப் பந்தியில பீச்சாங்கையால சாதம் பிசைஞ்சா எவன் கட்டிப்பான்?"

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தக் கைக்குட்டை அதன்பின் சாப்பாட்டு வேளையிலும் வீட்டுப்பாட வேளையிலும் கட்டப்பட்டது, குழந்தையின் வலது கை பழகும்வரை.

சாமி இல்லை என்பவரை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்ல. எத்தனையோ நல்லவர்கள் அப்படி இருக்கிறார்கள். ஆனால் இவருக்கு 'நாலு பேர்' என்று ஒரு சாமி இருந்தது. அதற்குப் பெற்ற பெண்ணின் கையை நைவேத்தியம் வைத்தார். படித்ததெல்லாம் கல்லூரி வாசலில் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் கழற்றுகிற சட்டை. சீ, அதைவிட என் எஸ்.எஸ்.எல்.சி. எவ்வளவோ மேல்.

போன நவராத்திரிக்கு அந்தப் பெண் அப்பாவோடு வந்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டிவிட்டவள். சங்கில் தீர்த்தம் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்ததும் இடது கை தானாக நீண்டது, சட்டென்று சுருங்கிப் பின்னால் போனது, வலது கை முன்னால் வந்தது. கைக்குட்டை எப்போதோ அவிழ்ந்துவிட்டது. அதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்தக் கையையே நீட்டும்மா," என்றேன்.

நாற்காலியிலிருந்து அத்திம்பேர் அலறினார். "டேய்! தீர்த்தத்தை இடது கையிலயா? அபசாரம்டா!"

சாமி இல்லை என்றவர் வாயில் அபசாரம்! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். அவள் தயங்கித் தயங்கி இடது உள்ளங்கையைக் குழித்தாள். இடம்புரியைச் சாய்த்தேன். ஒரு சொட்டு கீழே சிந்தாமல் வாங்கிக்கொண்டாள்.