துவைஜ் வாங்கிய தூக்கப்பைகள்

என் கணப்படுப்பின் கரி சரியில்லை, அதனால்தான் தன் மகள் குளிரில் நடுங்கினாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான் துவைஜ். என் மனைவியின் தம்பி. மூன்றாவது குளிர்காலமாக அந்தப் பழியைச் சுமக்கிறேன். ஆண்கள் கூடிப் பேசும் திவானியாவில் டீ ஊற்றுகிறவன்கூட, "கரி இப்பவாவது புடிக்குதா?" என்று கேட்கிறான்.

துவைஜுக்கு அரசு ஆபீஸில் முத்திரை குத்துகிற வேலை. மதியத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்கப் பெருமையடிப்பதுதான் தொழில். குவைத்தில் குளிர் வந்தால் எல்லாரும்தான் பாலைவனத்தில் கூடாரம் போடுகிறோம். இவன் போட்டால் அது கல்யாண மண்டபம். சின்னது என்ற சொல்லே அவனுக்கு வசவு. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மகள் ஜூரி மேல் உயிரை வைத்திருக்கிறான். அவள் ஒரு ராத்திரியாவது கூடாரத்தில் விடியும் வரை தூங்க வேண்டும், அதுதான் அவன் ஆசை.

முதல் வருடம் ஜூரிக்கு நாலு வயது. அவளுக்குத் தூக்கப்பை வாங்கப் போன கடையிலிருந்த எகிப்துக்காரர், "பாப்பா எவ்வளவு உயரம் சார்?" என்று கேட்டார்.

"நான் என்ன கவுனா தைக்கிறேன்? இருக்கறதுலயே பெருசா எடு!"

பயில்வான் படுக்கிற பை அது. மூட்டையில் போட்ட ஒற்றைப் பேரீச்சம்பழம் மாதிரி கிடந்தாள் பிள்ளை. கால்பக்கம் முழுக்கக் காலி. அவ்வளவு இடத்தையும் சூடாக்க அந்தக் குருவி உடம்பில் ஏது சூடு? விடியும் முன்பே அழுதுகொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். பழி மட்டும் கூடார வாசலில் இருந்த என் அடுப்புக்கு.

மறு வருடம் பனிமலை ஏறுகிறவர்கள் கொண்டுபோகும் பையை வாங்கினான். எங்கள் மணலில் பனிமலையை எங்கே கண்டானோ! பிள்ளை வியர்வையில் ஊறிப் பையை உதைத்துத் தள்ள, ஈர உடம்பில் குளிர் ஏறிவிட்டது. ஒரு வாரம் இருமல். அவன் மனைவி லுல்வா முடிவாகச் சொன்னாள்: "இன்னொரு தடவை புள்ள இருமட்டும், அப்புறம் நீங்க மட்டும் போய் ஒட்டகத்தோட படுங்க. அவ வரமாட்டா."

இந்த வருடம் நானே ஜூரியை நிற்கவைத்துத் தலைத்துணியால் அளந்தேன். அவளைவிட ஒரு சாண் நீளம், முகம் மூடாது, உள்ளே இருந்து அவளே ஜிப்பைத் திறக்கலாம். அப்படி ஒரு பை வாங்கி வந்தேன். கூடத்திலேயே அதில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தாள்.

துவைஜ் முகம் சுருங்கியது. "இது என்ன மச்சான், பூனைக்கா? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"அந்த நாலு பேரும் இதுக்குள்ளயா வந்து படுக்கப் போறாங்க?"

லுல்வா சிரித்துவிட்டாள்.

அளவில் போன பெருமையை வாசனையில் பிடிக்கப் பார்த்தான் போல. வியாழக்கிழமை கிளம்பும் நேரத்தில், மேலங்கிக்கு அகில் புகை போடுகிற மாதிரி, தணல் கிண்ணத்தின் மேல் அந்தப் பையை விரித்துவிட்டுப் போனில் பேசப் போயிருக்கிறான். நைலான் சும்மா இருக்குமா? உருகி, நடுவில் முலாம்பழம் அளவுக்கு ஓட்டை. ஜூரியோ பொம்மையோடு காரில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

உடனே எனக்குப் போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மச்சான், கடைக்கு ஓடு. அதே சின்னப் பை இன்னொண்ணு வாங்கி நேரா கூடாரத்துக்கு வந்துடு. லுல்வாகிட்ட மூச்சு விடாதே."

"யாருக்குன்னு கடைக்காரன் கேப்பானே. எம் புள்ளைங்களுக்கு மீசை மொளைச்சாச்சு."

"யாருக்குன்னு வேணா சொல்லு மச்சான். நான் சின்னது கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."