ஊசிக்குச் சாட்சி

சோற்றுக் குண்டானை இறக்கி வைத்துக் கையைக் கழுவின ஈரத்தோடேயே கிளியம்மாள் வரிசைக்கு வந்துவிடுவாள். தட்டோடு நிற்கிற பெண்பிள்ளைகளின் கீழ்க்கண்ணை விரலால் இழுத்துப் பார்ப்பாள். "வெளுத்துக் கீதுடி. உங்கம்மா கீரையே ஆயறதில்லியா?" பார்த்த பிறகுதான் கரண்டி தட்டில் இறங்கும். வெளுத்த கண்ணுக்கு முட்டை ஒன்று கூடுதலாக விழுமா என்றால் விழாது. முட்டை எண்ணித்தான் வருகிறது. சாம்பாரின் அடியில் கிடக்கிற காய் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விழும். அவள் அதிகாரம் அவ்வளவுதான்.

சேரப்பணஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு ஆயா. ஊருக்குப் பாதி டாக்டர். பூச்சி மாத்திரையோ சத்து மாத்திரையோ, எது வந்தாலும் தாய்மார்கள் நர்ஸிடம் விசாரிப்பதில்லை, இவளிடம்தான் விசாரிப்பார்கள். கழுத்தில் வல்லக்கோட்டை முருகன் டாலர், நெற்றியில் வேர்வைக்கும் அழியாத விபூதி. "முருகன் மேல பாரத்தைப் போட்டு முழுங்குடி" என்பாள். முழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். முருகனை நம்புவாள், பிள்ளைகளை நம்பமாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு ஒரு தர்ம ஆஸ்பத்திரி வண்டி வந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வராமல் தடுக்கிற ஊசி. மூன்று தரம் போடவேண்டும், ஒன்று குறைந்தாலும் முழுப்பலன் கிடையாது என்று கண்ணாடி போட்ட டாக்டரம்மா கறாராகச் சொன்னார்.

அது என்ன நோய் என்று கிளியம்மாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கூடப் பிறந்த அக்கா அதில்தான் போனாள். உதிரப்போக்கை வெட்கத்தில் மறைத்து மறைத்து, துணியை ஊர் எழுவதற்கு முன்னால் துவைத்து, வாடை காட்டிக்கொடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனாள். அங்கே, இன்னும் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்.

ஆகையால் கிளியம்மாள் வீடு வீடாகப் போனாள். அடுத்த தெரு பாஞ்சாலிதான் மசியவில்லை.

"இன்னாக்கா இது? பொம்பளப் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊசி? அதைப் போட்டா புள்ளையே பொறக்காதாமே."

"எம்பொண்ணுக்குத்தான்டி மொதல்ல போடறேன். எவ வூட்டுப் பொண்ணையோ பலி குடுக்கறனா நான்?"

சொன்னபடியே எட்டாவது படித்த மகள் தென்றலை முதல் ஆளாக உட்கார வைத்தாள். அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள். படப்பைச் சந்தை வரைக்கும் சொன்னாள்.

இரண்டாவது ஊசிக்கு வண்டி வந்தபோது ஆடி மாதம். பிள்ளைகள் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்க மாலை போட்டிருந்தார்கள். "விரத உடம்புல ரத்தம் பார்க்கக் கூடாது, அப்பால வாங்க" என்று கிளியம்மாள் வாசலிலேயே கைகூப்பித் திருப்பி அனுப்பினாள். மருந்துக்குக் கெடு உண்டு, தவறக்கூடாது என்று டாக்டரம்மா ஏசிவிட்டுப் போனார். கிருத்திகை முடிந்தது. பன்றிக் காய்ச்சல் அமளியில் வண்டி வரவில்லை. அடுத்த வெயில் காலத்தில், ஆந்திரப் பக்கம் இந்த ஊசியை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அதோடு வண்டி இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஏன் நின்றது என்று சொல்லவேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லை. அதனால் பதில் சொல்லும் பொறுப்பு சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தது. "பாதி மருந்து உடம்புல நின்னு இன்னா பண்ணுமோ?" என்று போட்டுக்கொண்டவர்கள் வைதார்கள். "சும்மா குடுத்ததை நீதானே தொரத்திவுட்டே?" என்று போட்டுக்கொள்ளாதவர்கள் வைதார்கள். இந்த இரண்டாவது கோஷ்டியில் குரல் ஓங்கியிருந்தது பாஞ்சாலிக்கு.

தென்றல் வளர்ந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நின்றாள். பதினெட்டு முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வருஷம் ஒன்று ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "ஊசி போட்ட பொண்ணை எங்க தலையில கட்டிட்டாங்க" என்றாள் மாமியார்க்காரி. அவளுக்கு யார் சொன்னது? கிளியம்மாள் முன்னே சந்தையில் சொன்னதுதான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது.

கிருத்திகை தவறாமல் கிளியம்மாள் வல்லக்கோட்டைக்கு நடந்தாள். ஊராரிடம் அடித்துப் பேசுகிறவள், சந்நிதியில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "நல்ல ஊசிதான் முருகா. ஆனாலும் நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

இரண்டாயிரத்துப் பதினைந்தில் வண்டி மறுபடியும் வந்தது. டாக்டரம்மா இல்லை, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நர்ஸ் சுகப்பிரியா, ஐஸ் பெட்டியோடு இறங்கினாள்.

"இப்ப ரெண்டு ஊசிதான்க்கா. பதினாலு வயசுக்குள்ள உள்ள பிள்ளையளுக்கு. நடுவுல ஆறு மாசம் விட்டுப் போடணும்."

"அன்னிக்கு மூணுன்னாங்களேம்மா?"

"ஆராய்ச்சி பண்ணிப் பாத்துருக்காவ. சின்ன வயசுல ரெண்டே போதுமாம்."

"அப்போ தள்ளிப் போட்டா தப்பில்ல?"

"தள்ளித்தான் போடணும்."

கிளியம்மாள் டாலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கிருத்திகை முடிஞ்சு வாங்கன்னதுக்கு அந்தம்மா இன்னா ஏச்சு ஏசிச்சு தெரியுமா? முருகனுக்கு அப்பவே தெரிஞ்சிக்கீது. உங்காளுங்களுக்குத்தான் இவ்ளோ நாளாச்சு."

"நல்லாருக்கே கத! அவருக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டாவது ஊசியையும் போட வச்சிருப்பாருல்லா?"

கிளியம்மாள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

ஆனால் பெஞ்சு காலியாகவே கிடந்தது. தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் கும்பலாக நின்றார்களே தவிர, ஒருத்தியும் பெண்ணைப் படியேற விடவில்லை. பாஞ்சாலி கம்பெனி கேன்டீன் சட்டையோடு, ஏழாவது படிக்கிற சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"மூணுன்னே. நின்னுபூட்ச்சு. இப்போ ரெண்டுன்றே. இன்னும் கொஞ்ச நாள் போனா ஒண்ணே போதும்பே. அப்போ வர்றேன் போ."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி. எங்கக்கா செத்ததைப் பார்த்தவங்கதானே நீங்க?"

"பார்த்தோம்க்கா. உம்பொண்ணையும்தான் பார்த்துக்கினு கீறோம். அவ வயித்துல ஒண்ணு தங்கட்டும், எம்பொண்ணை நானே இட்டாந்து உக்கார வைக்கிறேன்."

சுகப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். "மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் வரலேன்னா வண்டியை அடுத்த ஊருக்கு எடுத்துருவாவ அக்கா. பெறவு இங்க எப்ப வருமோ, எனக்குத் தெரியாது."

கிளியம்மாளிடம் பதில் இருந்தது. அதை அவள் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தாள். தென்றல் தாய்வீடு வந்து பதினைந்து நாளாகிறது. அவளுக்கு இது ஐந்தாம் மாதம். வளைகாப்பு வரைக்கும் ஊர்க்கண்ணில் படக்கூடாது என்று மஞ்சள்காமாலை என்று சொல்லி உள்ளே படுக்க வைத்திருந்தாள். இத்தனை ஏக்கத்துக்குப் பிறகு தங்கினது, ஒரு திருஷ்டி பட்டால் என்ன ஆவது? அதிலும் பாஞ்சாலியின் கண். அவள் நின்று பார்த்துப் பாராட்டினால் கொடியிலிருக்கிற பூசணிப் பிஞ்சு வெம்பிவிடும் என்பது ஊர் அறிந்தது. இரண்டு பேருக்கு வயிற்றிலிருந்த பிஞ்சே வெம்பியிருக்கிறது.

கிளியம்மாள் அடுப்பை அணைத்தாள். வாசலில் நின்ற பெண்பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திரும்பி வரும்போது அவளோடு தென்றல் வந்தாள். நைட்டி மேல் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "வேணாம்மா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று முனகினாள்.

"பார்க்கத்தான்டி இட்டாந்தேன்."

கும்பல் விலகி வழிவிட்டது. பாஞ்சாலிக்கு எதிரே மகளை நிறுத்தி, "முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டு கிளியம்மாள் அந்தத் துண்டை உருவினாள். கண்ணைத் திறந்தபோது பாஞ்சாலியின் வாய் பிளந்திருந்தது. வாயிலிருந்து வார்த்தை வருவதற்கு முன்னால், கிளியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, மகளின் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.