பச்சைத் திரை வீராயி

வீடியோ விளையாட்டு செய்து பிழைப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. அதை ஒரு வேலை என்று ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொழுதுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொம்மை வரைகிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நானும் என் வீட்டுக்காரர் முத்துக்குமாரும் அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடை மாடியில் இந்த வேலையைப் பார்க்கிறோம். அந்தக் காலத்தில் கையில் வைத்துத் தட்டுவோமே, செங்கல் மாதிரி ஒரு பெட்டி, சின்னப் பச்சைத் திரை, அந்தத் தோற்றத்தில் போனுக்கு ஒரு சண்டை விளையாட்டு செய்தோம். கண்மாய்களைப் பூதங்கள் பிடித்துக்கொள்கின்றன. வீராயி என்கிற நாற்பது வயசுக்காரி அரிவாளோடு கிளம்பி, வெட்ட வெட்டப் பலம் ஏறி, தண்ணீரையும் காணாமல்போன புருஷனையும் மீட்கிறாள்.

படமும் வசனமும் நான். புரோகிராம் அவர். குவைத்தில் எலக்ட்ரீசியனாக இருந்துகொண்டே, வருஷக்கணக்காகப் போனில் பேசிப் பேசிச் செய்தார். முடிக்கும் சமயத்துக்கு நீண்ட லீவில் வந்தார். லீவு முடிவதற்குள் வீராயி விற்பனையில் ஓடினால் இங்கேயே இருந்துவிடுவது, ஓடாவிட்டால் மறுபடி விமானம் என்று பேச்சு. திரும்பிப் போகிற டிக்கெட்டை நான் அரிசி டப்பாவுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

அண்ணாச்சியின் கண்ணாடி

தலை உருளும், சாராயம் வரும், ஒரு முத்தமும் உண்டு என்பதால் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று நாங்களாகவே யோக்கியமாகப் போட்டோம். அதுதான் வினையானது. கீழே உரக்கடை வைத்திருக்கும், கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பெரியவர்கள் விளையாட்டு என்றால் என்ன, நாலு பேர் வந்து போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. அந்த முத்தக் காட்சியையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். எது ஆம்பளை, எது பொம்பளை என்று கேட்டார். இடது பக்கம் வீராயி என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு புளியங்கொட்ட ஒரசுனதுக்கெல்லாம் எவன் வந்து கேக்கப் போறான். நீங்க வேலையப் பாருங்கம்மா.”

அந்தப் புளியங்கொட்டைகள் பட்ட பாடு

அண்ணாச்சிக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த முத்தத்துக்கு நாங்கள் போட்ட சண்டை எங்களுக்குத்தான் தெரியும். அப்போது என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். புருஷனைக் கண்டதும் வீராயி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். அவள் எதற்கு ஓட வேண்டும்? இத்தனை வருஷம் எங்கே போய்த் தொலைந்தான் என்று கேட்க மாட்டாளா? முதலில் கன்னத்தில் ஓர் அறை, அப்புறம்தான் முத்தம் என்றேன் நான். கதைக்குத்தான் சொன்னேன், ஆனாலும் ‘இத்தனை வருஷம்’ என்றபோது என் குரல் கூடிவிட்டது. அந்தப் பக்கமிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்: “சரி செல்வி, அறையட்டும். சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சு வையி.”

முதல் வாடிக்கையாளர்

விளையாட்டு வெளிவந்ததும் முதலில் முடித்தவர் காதர். நரிக்குடிக்காரர், குவைத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே ரூம். முடித்த கையோடு போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு கோபம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் பயந்துகொண்டே கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: “ஏலே, பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கியேன்னு கடைசி வரைக்கும் பாத்தேன், ஒண்ணத்தையும் காணோம். ஆனா அவ புருஷனக் கண்டுபிடிச்ச எடத்துல எங்க ரூம்ல ஒருத்தனும் பேசலலே.”

நிறைகுடத்தோடு செத்தவர்கள்

காதர் எப்படியோ முடித்துவிட்டார். இங்கே ஊரில் இருந்தவர்கள் முடிக்கவே இல்லை. பந்தல்குடி லாரி டிரைவர், திருச்சுழி ஜவுளிக்கடைக்காரர், மல்லாங்கிணறு வாத்தியார், எல்லோரும் கடைசிப் பூதத்திடம் செத்துச் செத்து விழுந்தார்கள். ஜெயிக்க முடியாத விளையாட்டு என்று பேர் பரவிவிட்டது. லீவோ கரைந்துகொண்டிருந்தது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் அவருடைய பயணப் பெட்டியில் ஏறிவிட்டன. நான் எடுத்து வைப்பதும், வைத்ததை முறைத்துப் பார்ப்பதுமாக இருந்தேன்.

என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று பந்தல்குடிக்கே போனோம். டீக்கடை பெஞ்சில் டிரைவர் அண்ணன் எங்கள் கண்ணெதிரே விளையாடினார். வீராயி முதுகில் தண்ணீர்க் குடங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு குடம் குடித்தால் போன உயிர் திரும்ப வரும். மனுஷன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அத்தனை குடத்தோடும் செத்துப்போனார். தண்ணி இருக்கேண்ணே, குடிக்க வேண்டியதுதானே என்று கத்தியே விட்டேன். அவர் என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தார்: “இருக்கிறத இப்பவே குடிச்சுட்டா, அடுத்த ஊருல யாரு தங்கச்சி குடுப்பா?”

ஒழுகல்

இந்த வறண்ட மண்ணில் பிறந்தவரைத் தண்ணீரைச் செலவழிக்கச் சொல்லி யாராலும் திருத்த முடியாது. நானும் அப்படித்தான், பக்கெட்டில் மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றாமல் கீழே கொட்டினால் எனக்குப் பொறுக்காது. அதனால் என் வீட்டுக்காரர் ஆட்களை விட்டுவிட்டுக் குடத்தில் கை வைத்தார். நடக்க நடக்கக் குடம் ஒழுகும்படி மாற்றினார். வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லோரும் அவசர அவசரமாகக் குடித்தார்கள். குடித்த வேகத்தில் பூதத்தை வெட்டித் தள்ளினார்கள். டிரைவர் அண்ணன் தூத்துக்குடியில் லோடு இறக்கிக்கொண்டே போன் பண்ணினார்: “பூதம் செத்துருச்சு தங்கச்சி. அந்த ஓட்டக் கொடத்த வித்தவன் எவன்னு சொல்லு, அவனையும் ஒரு வெட்டு வெட்டிட்டு வாரேன்.”

குவைத்துக்குப் போன்

ஒழுகுகிற குடம் எங்கெங்கோ பரவியது. தண்ணீருக்குப் பயந்து பயந்து விளையாடுவது புதுசாக இருக்கிறது என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். டிக்கெட் தேதிக்கு முந்தின வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. பழைய மாதிரிக் கைப்பெட்டிகளைப் புதிதாகச் செய்து விற்பவர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வீராயி வேண்டும், அடுத்த பாகமும் வேண்டும், இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்றார்கள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வந்தபோது அவர் காதரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் இனிமே வரலலே என்றார். கூடவே இருந்த சிநேகிதனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. ஸ்பீக்கரில் காதர் குரல் வந்தது: “நல்லா இருலே. அப்ப அந்த ஜன்னலோரக் கட்டில நான் எடுத்துக்கிறேன்.”

இந்தத் தொழிலில் என்னதான் மிஞ்சும் என்று கேட்கிறவர்களிடம், எனக்கு ஒரு புருஷன் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.