சின்னமலை வளைவில் பெல் அடித்தது யார்?

இராக்கம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. இலங்கை மலைநாட்டில், பதுளையில் இருந்து லுணுகலைக்குப் போகிற வழியில், சின்னமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் பிறந்து, அங்கேயே பொன்னையாவைக் கட்டி, முப்பத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். அட்டைக்கோ பன்றிக்கோ பயந்தவள் இல்லை. ஆஸ்பத்திரி ஊசிக்கும் பஸ் கண்டக்டர்மாரின் வாய்க்கும் மட்டும் கொஞ்சம் பயம்.

மேற்கணக்கில் நான்கு லயங்கள் என்கிற வரிசை வீடுகள், அறுபது குடும்பங்கள். கடைசி லயத்தில் இருந்து ஒற்றையடிப் பாதையில் ஐந்து நிமிஷம் இறங்கினால் பெரிய ரோட்டு வளைவு வந்துவிடும். பஸ் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. நிற்கிற இடம் இரண்டு கிலோமீட்டர் கீழே, தொழிற்சாலைச் சந்தியில். பதுளையில் சாமான் வாங்கி வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூரையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போய், சந்தியில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துத் திரும்பவும் மலை ஏற வேண்டும்.

வளைவில் பஸ் நிற்க ஒரு ஹோல்ட் கேட்டு ஒன்பது வருஷமாக மனு எழுதினார்கள். எல்லா மனுவிலும் முதல் கையெழுத்து இராக்கம்மாவுடையது. தேர்தலுக்கு வந்தவர்கள் வளைவில் இறங்கி நின்று பார்த்தார்கள், கட்டாயம் செய்வோம் என்றார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. இராக்கம்மா பத்துக் கிலோ அரிசியும் ஒரு பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு பதுளையில் பஸ் ஏறினாள். முழங்கால் வீங்கியிருந்தது. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அண்ணன் முறையில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் கண்டக்டர் ஷுக்ரி பின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தார். வளைவு நெருங்கியது. மூடுபனிக்குள் அவள் வீட்டுக் கூரையில் இருந்து அடுப்புப் புகை எழும்புவது தெரிந்தது.

அவளுக்கே தெரியாமல் கை உயர்ந்தது. குடைக் கம்பின் நுனியால் கூரையில் இருந்த பெல்லை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டாள்.

டிரைவர் ரமேஸ் பிரேக் போட்டார். ஷுக்ரி கூட்டத்துக்குள் தலையை நீட்டினார்.

"ஆரு பெல் அடிச்ச? இங்க ஹோல்ட் இல்லயே!"

அவர் பார்வை இராக்கம்மாவிடம் வந்து நின்றது.

"நானா? ஐயோ, நான் இல்லீங்க நானா!" என்றாள். பொய் அவ்வளவு வேகமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

முன் சீட்டில் இருந்த ஒரு பெண், "யாருமே அடிக்கலன்னா, பெறகு எப்படிங்க சத்தம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நின்னதுதான் நின்னுருச்சு, நான் எறங்கிக்கிறேன்" என்று சொல்லி இராக்கம்மா இறங்கிவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பொன்னையாவிடம் விஷயத்தைச் சொன்னபோது இருவரும் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு புதன்கிழமைவரைக்கும்தான்.

புதன்கிழமை அவள் ரோட்டுக்கு மேலே இருந்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அதே பஸ் வந்தது. அதே வளைவில் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. ஷுக்ரி மட்டும் வெளியே குதித்து, பஸ்ஸைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு அவசரமாக ஏறிக்கொண்டார். சாயங்காலம் செய்தி லயத்துக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் பதினோரு பேர்தான் இருந்தார்களாம். எல்லோரும் உட்கார்ந்துகொண்டு. பெல் தானாக அடித்ததாம்.

இராக்கம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை அடித்தது அவள். புதன்கிழமை அடித்தது யார்?

வெள்ளிக்கிழமை திரும்பவும் அடித்தது. அடுத்த திங்களும் அடித்தது. பஸ் முதலாளி பெல்லை மாற்றினார், வயரை மாற்றினார். கடைசியில் பஸ்ஸைக் கராஜில் விட்டுவிட்டு வேறு பஸ்ஸை அனுப்பினார். சின்னமலை வளைவைக் கண்டதேயில்லாத அந்தப் பஸ்ஸிலும், சரியாக அதே இடத்தில், ஒரே ஒரு தரம் பெல் அடித்தது.

அதற்குப் பிறகு கதைகளுக்குக் கேட்கவா வேண்டும்! பசறைப் பக்கத்தில், கல்யாணத்தன்று காணாமல் போன பெண் என்றார்கள். லுணுகலைக் கடையில், நாயைத் தேடி மூடுபனிக்குள் போன வெள்ளைக்காரத் துரையின் மனைவி என்றார்கள். யாரோ ஒரு பையன் வீடியோ போட்டான்: பல் நீண்டு, தலை விரிந்து, ஒரு பக்கமாக நொண்டிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கி மலைக்குள் மறைந்த உருவத்தைத் தன் மாமா கண்ணால் கண்டாராம்.

"நொண்டிக்கிட்டு எறங்கினது நான்தானே!" என்று இராக்கம்மா கொதித்தாள். "மூட்டு வீங்கினா நொண்டாம என்ன செய்றது? எனக்கா பல்லு நீண்டிருக்கு?"

பொன்னையா அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "முன்னால ரெண்டு கொஞ்சம் அப்படித்தான்" என்றார். அன்றைக்கு அவருக்கு ரொட்டி மட்டும்தான் கிடைத்தது, சம்பல் கிடைக்கவில்லை.

சிரிப்புக்கு நடுவிலும் அவளுக்கு மனசு உறுத்தியது. தான் ஆரம்பித்து வைத்ததை வேறு யாரோ எடுத்து நடத்துகிற மாதிரி இருந்தது. ஒருநாள் தொழிற்சாலைச் சந்தியில் ஷுக்ரியைத் தனியாகப் பிடித்தாள்.

"நானா, ஏசாதீங்க. மொத நாளு பெல் அடிச்சது நான்தான்."

ஷுக்ரி ஏசவில்லை. "அது எனக்குத் தெரியும் தங்கச்சி. ஒங்கட குட ஆடிக்கிட்டு இருந்திச்சே. மத்த நாள்ல அடிச்சது ஆரு? அதச் சொல்லுங்க, நான் நிம்மதியாத் தூங்குவன்."

இராக்கம்மா இன்னொன்றைக் கவனித்திருந்தாள். ரமேஸ் இப்போது பெல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வளைவில் பஸ்ஸை நிறுத்தினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, அரை நிமிஷம் பொறுத்துத்தான் எடுத்தார். நிற்காமல் போய்ப் பொல்லாப்பைத் தேட அவருக்கு விருப்பமில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு இராக்கம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வளைவில் போய் நின்றாள். பஸ் வந்தது, நின்றது. அவள் கதவைத் திறந்து ஏறினாள்.

"இங்க ஹோல்ட் இல்லயே!" என்றார் ஷுக்ரி, பழக்கதோஷத்தில்.

"ஹோல்ட் இல்லதான் நானா. பஸ்ஸு நிக்குதே!"

பஸ் முழுவதும் சிரித்தது. அடுத்த வாரம் வளைவில் ஆறு பேர் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு கிளினிக் போகும் நிஷாந்தினியும் நின்றார்கள். பெல் அடிக்கும் பேயைப் பார்க்க எல்ல என்ற சுற்றுலா ஊரில் இருந்து ஓட்டோ பிடித்து வந்த வெள்ளைக்காரர்களும் நடுவில் நின்று படம் எடுத்தார்கள்.

தை மாதம் மேற்கணக்குக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஒன்பது வருஷம் ஆகாத காரியத்தை மூன்று மாதத்தில் முடித்துக் கொடுத்த அம்மா யாராக இருந்தாலும் அவளுக்கு ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்று முடிவானது. பொங்கல் பொறுப்பு, வேறு யாரிடம், இராக்கம்மாவிடம்தான். வளைவில் மூன்று கல் வைத்து, பெரிய பானையில் அரிசி போட்டார்கள். தப்பு மேளம் அடித்தார்கள். பஸ்ஸும் நின்றது, ரமேஸும் ஷுக்ரியும் பயணிகளும் இறங்கி வாழை இலைத் துண்டில் பொங்கல் வாங்கிக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு சிவப்புச் சேலையையும் அம்மாவுக்கென்று தனியாக நட்ட கல்லில் சாத்தியிருந்தார்கள்.

பேயின் பெயரில் பொங்கிய பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்த இராக்கம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அகப்பையை உயர்த்திப் பிடித்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க! மொத மொத பெல் அடிச்சது பேயி இல்ல, நான்தான்!"

நிஷாந்தினி கேட்டாள்: "சரி அத்தை. ரெண்டாவது அடிச்சது?"

"அது நான் இல்ல."

"மூணாவது?"

"சத்தியமா இல்ல."

"அப்ப அம்மாதான் ஒங்க கைய வச்சு மொத நாளு அடிக்க வச்சிருக்கா" என்றாள் நிஷாந்தினி. எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பெல்லாவது தன்னுடையது என்று இராக்கம்மாவுக்கு இருந்த கடைசிப் பிடிப்பும் போய்விட்டது. அன்றைக்குக் கை தானாக உயர்ந்தது உண்மைதானே என்று யோசித்தபடி நின்றவளின் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

சித்திரை பிறந்து இரண்டு வாரத்தில் அதிகாரிகள் வந்து அளந்து, மஞ்சள் கோடு போட்டு, பலகை நட்டார்கள். பலகையில் 'சின்னமலை மேற்பிரிவு' என்று மூன்று மொழியிலும் இருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெல்லம்மா ஹோல்ட்டுக்கு ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்கிறார்கள். இப்போதும் பெல் தானாக அடிக்கிறதா என்றால், தெரியாது. அங்கே எப்போதும் யாராவது இறங்குகிறார்கள். அடித்தது அவர்களா வேறு யாருமா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஷுக்ரி அதைப்பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராக்கம்மாவும் அவளோடு மலையில் கொழுந்து பறிக்கும் நான்கு பெண்களும் எல்லவுக்குப் போனார்கள். உலகமெங்கும் இருந்து ஆட்கள் பார்க்க வருகிற ஒன்பது வளைவுப் பாலத்தை, அது ஒரு காலை நேரப் பயணத் தூரத்தில் இருந்தும், ஐவரில் ஒருத்தியும் பார்த்ததில்லை. சந்திவரை நடந்து போய்த் திரும்ப மலை ஏறவே முன்பெல்லாம் லீவு நாள் தீர்ந்துவிடும்.

பாலத்துக்குப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் ஐவரும் வரிசையாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். இராக்கம்மா பழக்கத்தில் பக்கத்துச் செடியைத் தடவிப் பார்த்து, "இங்க கொழுந்து பறிக்கிற ரவுண்டு பிந்திப் போச்சுடி, எல்லாம் முத்திக் கெடக்கு" என்றாள்.

"வேலைய விட்டுட்டு ரெயிலப் பாருக்கா!" என்று மற்றவர்கள் அவளைத் திருப்பினார்கள்.

நீல ரெயில் கூவிக்கொண்டு பாலத்தின்மேல் வந்தது. ஜன்னல்களில் இருந்து யார் யாரோ கையாட்டினார்கள். ஐந்து பெண்களும் எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை கூச்சல் போட்டுக் கையாட்டினார்கள்.