இருபத்திரண்டு ஜன்னல் வீடு

எங்கள் வீட்டுக்கு அறைகள் இரண்டு, ஜன்னல்கள் இருபத்திரண்டு. இதை வெளியில் சொன்னால் நான் ஏதோ துரை பங்களாவை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை வந்து உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தேத்தண்ணி ஆறியிருக்கும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அடுத்தவன் தன் கையால் கட்டின வீட்டை வாங்கிப் பார் என்று ஒருவராவது சொல்லி வைத்திருக்கலாம். எனக்கு அந்த மனத்தாங்கல் இன்றைக்கும் உண்டு.

நான் அப்போது ஹட்டன் பஜாரில் தையல் கடை வைத்திருந்தேன். பிறந்தது தோட்டத்துக் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பராவில். கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். இந்த நாட்டில் எனக்குப் பிரஜாவுரிமை உண்டா இல்லையா என்று ஏதோ ஒரு கந்தோரில் யாரோ என் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் சொல்கிறபோது சொல்லட்டும், நாலு சுவராவது என்னுடையதாக இருக்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மனைவி தலைப்பிரசவத்துக்கு இறம்பொடையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளையோடு திரும்பி வரும்போது சொந்த வீட்டில் கால் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கினேன்.

வீடு பஜாருக்கு மேலே மேட்டில் இருந்தது. பார்க்கப் போனது மாசி மாதம். மாசியில் எங்கள் மலையில் வெயிலும் வெளிச்சமுமாக எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். கட்டினவர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்ந்தவர். பட்டிப்பொலப் பக்கம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறேன் என்றார். சாவியைக் கொடுக்கும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டி, “காத்துக்கு மட்டும் கொறச்சலே இருக்காது தம்பி” என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை.

பஜாரில் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள் அல்லவா, அவர் முப்பது வருஷமாக அந்த மாடியிலேயே நின்றவர். அவருக்குத் தெரிந்த கட்டடம் அது ஒன்றுதான். அதையே சின்னதாகக் கட்டி வைத்திருந்தார். கீழே அறை இரண்டு, மேலே ஒரு பரண் மாடி. மாடியில் மட்டும் பதினாலு ஜன்னல். எதற்கும் கதவு கிடையாது. சாய்த்து அறைந்த பலகைகள்தான். மழை உள்ளே வராது, காற்று தாராளமாக வரும். கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருந்தார். கையிலிருந்து நூல்கண்டு விழுந்தால் கிழக்குச் சுவரோரம் போய்த்தான் தேடவேண்டும். வாசல் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருபவனுக்கு வசதியாக. என் வீட்டுக்கு எவன் கொழுந்துச் சாக்குக் கொண்டுவரப் போகிறான்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சித்திரையே போதும்.

சித்திரையில் மகள் பிறந்தாள். போய்ப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பஸ்ஸைத் தவறவிட்டேன், அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஆனால் அன்றைக்கே மாமனார் ஒரு வார்த்தை சொன்னார். அவர் தோட்டத்தில் கங்காணி. எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவது வழக்கம். அதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

வைகாசியில் வந்தார். சுருட்டைப் பற்றவைக்க நாலு குச்சி கிழித்தார், நாலும் அணைந்தன. சுருட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று பார்த்தார். மேலே ஏறினார், இறங்கினார்.

“மாப்பிள்ள, கோவிச்சுக்காதீங்க. இது வீடா, ஸ்டோரா?”

“வீடுதாங்க மாமா.”

“பச்சப்புள்ள இதுக்குள்ள தாங்குமா? ஆடி பொறக்கறதுக்குள்ள இந்தக் காத்த அடைங்க. நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டி ஆவணிக்குத்தான். ஆடியில புள்ளய எடுத்துக்கிட்டுப் புது வீட்டுக்கு வர முடியாது பாருங்க.”

ஆவணி என்றால் இன்னும் மூன்று மாதம். அதற்குள் பிள்ளை குப்புற விழுந்துவிடும், முகம் பார்த்துச் சிரிக்கும், எல்லாவற்றையும் அவரே பார்த்துவிடுவார். எனக்கு வயிறெரிந்தது.

அன்றிலிருந்து அடைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கிவந்து ஜன்னலுக்கு ஜன்னல் ஆணி அடித்தேன். இடுக்குகளில் கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளைத் திணித்தேன். ஊரில் எத்தனை பேர் சட்டைத் துணியும் பாவாடைத் துணியும் அந்தச் சுவர்களுக்குள் போயின என்று எனக்கே தெரியாது. கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, பழைய பேப்பரை மேலே ஒட்டினேன். ஆனி பிறப்பதற்குள் வீட்டுக்குள் விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். மழையே இல்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது, ராத்திரி பெய்த மழை இப்போது இறங்குகிறது என்று எண்ணி மேலே ஏறித் தார் பூசினேன். மறுநாள் இரண்டு சொட்டு. இன்னும் தார் பூசினேன். அடுத்த வாரம் வாளி வைக்க வேண்டியதாயிற்று. கூரையில் தார் ஏற ஏற உள்ளே மழை வலுத்தது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது, ஒட்டின பேப்பர் தோல் உரிவதுபோல் உரிந்தது, அடுப்புப் புகை போக வழியில்லாமல் என் கண்ணுக்குள்ளேயே குடியிருந்தது.

ஒருநாள் வீட்டில் ஒரு கோட்டுக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவி புஸ்ஸென்று மேலே போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், குளிர்ந்த தகரத்தின் அடியில் அது பொட்டுப் பொட்டாக நிற்கிறது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஓட்டையே கிடையாது. சோற்றுப்பானை ஆவியும், வெந்நீர் ஆவியும், நான் விடுகிற மூச்சுமே போக இடமில்லாமல் தண்ணீராகி என் தலையில் விழுகின்றன. திறந்தால் காற்று, மூடினால் மழை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டோர்க்காரரைத் திட்டினேன். பட்டிப்பொலைக்குக் கேட்டிருக்காது.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாமனார் வந்தார். காற்றில்லாததைக் கண்டு முகம் மலர்ந்தார். இந்தத் தடவை சுருட்டு ஒரே குச்சியில் பற்றியது. இரண்டு இழுப்பு இழுத்திருப்பார், சரியாக அதன் நுனியில் ஒரு சொட்டு விழுந்து உஸ்ஸென்றது. அடுத்தது அவருடைய வழுக்கையில்.

“வெளிய வெயில் காயுது. உள்ள மழ பேயுது. நல்ல வீடு மாப்பிள்ள!”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். ஆவணியில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேட்டை விட்டு இறங்கும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. கட்டியிருந்த தொட்டில் கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. மலை முழுக்க அடைமழை. ஆடி பாதியில் ஒரு முற்பகல், கடையைத் திறக்கவும் மனமில்லாமல் வாசலில் நின்றிருந்தேன். மேட்டுப் பாதையில் இரண்டு பேர் குடையோடு ஏறி வந்தார்கள். முன்னால் என் மனைவி, மார்போடு கம்பளிச் சுருள். பின்னால் மாமனார், தலையில் பெரிய மூட்டை. மூட்டையிலிருந்து தண்ணீர் அவர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. நுவரெலியா வந்து பஸ் மாறி, அந்த மூட்டையோடு அத்தனை தூரமும் வந்திருக்கிறார்கள். மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாங்க மாமா. ஆடியாச்சே...”

“அவகிட்ட கேளுங்க” என்று மூட்டையை இறக்கினார்.

மனைவிதான் சொன்னாள். “பத்து நாளா ஒரு துணி காயலங்க. லயம் பூரா அடுப்படியில கொடி கட்டிப் பாத்துட்டோம். புகை நாத்தம்தான் ஏறுது. புள்ளைக்குத் தொடையெல்லாம் வெந்துபோச்சு. வைகாசியில அப்பா வந்து இந்த வீட்டத் திட்டுனாரு பாருங்க, நனைஞ்ச தலப்பா தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள காஞ்சிருச்சு, அப்பிடி ஒரு பேய்க்காத்துன்னு. அப்பவே நெனச்சேன், எனக்கு அந்த வீடுதான் வேணும்னு. ஆடியாவது ஒண்ணாவது, கெளம்புங்கன்னுட்டேன்.”

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“காத்து எங்கங்க?”

நான் அடைத்ததை மாமனார் அவளிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். வாரக்கணக்கில் நான் அறைந்த ஆணிகளை அவளும் மாமனாரும் ஒரு மணி நேரத்தில் பிடுங்கினார்கள். மாடி ஜன்னல் பதினாலும் திறந்தன. கீழே இருந்தவற்றை அப்படியே விட்டாள், பிள்ளை படுக்கிற இடமாம். அடுப்புச் சூடு படிவழியாக மேலே ஏறிற்று, காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. மாடி முழுக்கக் கொடி கட்டி, பிள்ளைத் துணிகளும் சேலைகளும் மாமனாரின் கம்பளியும் வரிசையாகப் படபடத்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் துணிகள் மொறமொறவென்று காய்ந்தன. கூரைச் சொட்டும் அன்றோடு நின்றது.

காய்ந்த துணியில் சுற்றிப் பிள்ளையைக் கீழறையில் போட்டோம். பத்து நாளைக்குப் பிறகு சிணுங்காமல் தூங்கினாள். மாமனார் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மகள் என் வீட்டில் தூங்குகிறாள் என்ற சந்தோஷத்தில் அதையும் மன்னித்தேன்.

மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புறப்படவில்லையா என்று மனைவி கேட்டாள். மாமனார் தலை நிமிரவில்லை.

“நாளைக்குப் போறேனே. என் கம்பளி இன்னும் காயல.”

கம்பளி மத்தியானமே காய்ந்துவிட்டது. நானேதான் தொட்டுப் பார்த்து மடித்து வைத்திருந்தேன்.

“ஆமாங்க மாமா” என்றேன். “காய ரெண்டு மூணு நாளாகும்.”